மேனேஜருக்குக் கொடுத்த வேலை

எங்கள் வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது அப்பா. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டு நிற்கிறாளாம். அப்பா வெல்டர். அவர் கம்பெனியில் காவலுக்கென்று வாங்கிய ராட்வைலர் குட்டி அவள். குரைக்கவே இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அப்பா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வருஷம் திரும்புவதற்குள் என் எடைக்கு வந்துவிட்டாள். ஹாலில் அவள் காலை நீட்டிப் படுத்தால் நாங்கள் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டும்.

அந்த ரக நாய்க்கு வேலை வேண்டும். சும்மா வைத்திருந்தால் வீட்டைத் தின்னும். தின்றாள். செருப்பு, தலையணை, கடைசியில் நான் பட்டம் வாங்கிய போட்டோ. "இந்தக் குடும்பத்துலயே முதல் பட்டதாரி, நாய் வாய்ல போயிட்டாளே" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேலை கொடுத்தது அம்மா. காய்கறிப் பையைக் கவ்விக்கொண்டு பின்னால் வர வேண்டும். ஊறவைத்த துணிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். "பாத்துக்கோடி" என்றால் காவல். "போதும்டி" என்றால் வேலை முடிந்தது, ஒரு பிஸ்கட். காவலுக்கு யார் சொன்னாலும் உட்காருவாள். ஆனால் அம்மா வந்து போதும் என்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டாள். நாங்கள் கெஞ்சினாலும், காதைப் பிடித்து இழுத்தாலும் அசைய மாட்டாள். அதை மாற்றிப் பழக்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வித்தை மாதிரி காட்டிப் பெருமை அடித்துக்கொண்டோம்.

அக்கா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து மேனேஜருக்கு முழுநேர உத்தியோகம். குழந்தை பாயில் தூங்கும். இவள் பாய்க்குக் குறுக்கே படுத்திருப்பாள். குழந்தை விழித்தால் இவள் காதைத்தான் முதலில் பிடித்து இழுக்கும். ஆயா வைத்திருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று அக்காவே சொன்னாள்.

அக்கா புருஷன் ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். சமாதானம் பேசத்தான். கையில் பொம்மைகூட இருந்தது. அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து "இருங்க மாமா" என்பதற்குள் நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கக் குனிந்தார்.

மேனேஜர் குரைக்கவில்லை. அவர் மணிக்கட்டை வாயில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். காய்கறிப் பையைப் பிடிக்கிற அதே பிடி. அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "விடு, விடுடி" என்று நான் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தொங்கினேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அம்மா ஈரக்கையோடு படி இறங்கி ஓடிவந்து "போதும்டி" என்றாள்.

உடனே விட்டாள். விட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். பிஸ்கட்டுக்கு.

"தோல்கூடக் கிழியல மாமா" என்றேன்.

"ரத்தம் வந்தாத்தான் கடியா? எம்புள்ளைய நான் தூக்க நாய்கிட்ட அனுமதி கேக்கணுமா?"

"இவ்வளவு நாளா எட்டிப் பாக்காத ஆளை அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீ வாய மூடு" என்றாள் அக்கா, தலையில் துண்டோடு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மாமா அவரைப் பார்த்துத்தான் பேசினார். "அந்த நாய் இருக்கற வீட்ல எம்பொண்டாட்டி புள்ள இருக்கக்கூடாது. இப்பவே கூட்டிட்டுப் போறேன். அது போனப்பறம்தான் இந்த வாசப்படி மிதிப்பாங்க."

அவர் பயந்துபோயிருந்தார். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா குழந்தையைப் பார்த்தாள். "எங்கயாவது விட்டுடுங்கப்பா" என்றாள். காலையில் அந்த நாயின் முதுகில் சாய்ந்துதான் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் கேட்டேவிட்டேன்: "பழி மட்டும் நாய்க்கா? வேலை கொடுத்தது நாமதானே?" அக்கா குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

நான் கேட்காத இடமில்லை. என்கூடப் படித்தவர்கள், ஆபீஸில் பக்கத்துச் சீட்டுக்காரி, நாய்கள் காப்பகம். "ராட்வைலரா? ஆளைப் பிடிச்சுதா? வேணாம்மா." குட்டியாக இருந்தால் எடுத்துக்கொள்வார்களாம். கால்நடை டாக்டரிடம் ஊசி பற்றி அப்பா இழுத்தபோது, "நல்லா இருக்கற உயிரை நான் எதுக்குய்யா கொல்லணும்?" என்று அவர் சீறினார். கடைசியில் பழைய இரும்பு யார்டுக்காரர் சரி என்றார்.

அம்மா வர மறுத்துவிட்டாள். "நான் வந்தா திரும்பக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றாள்.

"குரைக்குமா?" என்றார் யார்டுக்காரர்.

"குரைக்காதுங்க. ஆனா விடாது" என்றார் அப்பா. சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடணும், சாப்பிட்டதும் ஓட விடக்கூடாது, வெயிலில் கட்டக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே செல்போனைப் பார்த்தார். துருப்பிடித்த கதவுகளும் நொறுங்கிய கார்களும் குவிந்து கிடந்த இடத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலி.

நாங்கள் திரும்பி நடந்ததும் அவளும் கூடவே கிளம்பினாள். சங்கிலி முடிகிற இடத்தில் கழுத்து இறுகியது. திரும்பவும் இழுத்தாள். இருமினாள். திரும்பவும் இழுத்தாள். அப்பா காதைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார்.

நான் திரும்பி வந்தேன். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினேன். அவள் என் முகத்தை நக்கினாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கேட்டைக் காட்டி, "பாத்துக்கோடி" என்றேன்.

இழுப்பதை நிறுத்தினாள். கேட்டுக்குக் குறுக்கே படுத்து, ரோட்டைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டாள். நான் அவளைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது.