செவலைக்குள் இரண்டு பேர்

நான் கோபக்காரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வேலந்தாவளத்தில் யாரைக் கேட்டாலும், மோகனசுந்தரமா, அவருக்கு மூக்கு நுனியில் கோபமாச்சே என்பார்கள். எனக்கு இருப்பது கோபம் இல்லை, முறை. முறை தவறியவர்களோடு பேசமாட்டேன், அவ்வளவுதான்.

என் பெரியப்பா மகன் குப்பண்ணனோடு நான் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மகள் பிரதீபாவின் கல்யாணத்துக்கு ஊர் முழுக்க வீடு வீடாகப் போய், தாம்பாளத்தில் வைத்துப் பத்திரிகை கொடுத்தார். எனக்கு மட்டும் டீக்கடை முன்னால் பைக்கில் உட்கார்ந்தபடியே நீட்டினார். பக்கத்தில் அண்ணி இல்லை, மஞ்சள் குங்குமம் இல்லை, வண்டியின் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. சொந்தத் தம்பிதானே என்ற உரிமையில் அப்படிக் கொடுத்ததாகப் பிறகு சொன்னாராம். உரிமை இருக்கிறவன் வீட்டுக்கு வழி மறந்து போகுமா என்ன? நான் அங்கேயே, எல்லோரும் கேட்கும்படி சொன்னேன், இனி அவர் வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று. சந்தைத் திடலுக்கு இந்தப் பக்கம் என் வீடு, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் அவர் வீடு. மிதிக்காமல் இருப்பது அப்படியொன்றும் சுலபமில்லை.

இந்த வருஷம் என் மகள் செல்வப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. வைகாசி ஆறாம் தேதி. அவள் எங்களுக்கு ஒரே பெண். மணவறையில் பெண்ணுக்குக் கூடப் பிறந்தவன் முறையில் ஒருவன் நிற்க வேண்டும், அதற்கு உரியவன் குப்பண்ணன் மகன் அருள்குமார்தான். சின்ன வயதில் அவளை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் அவன். வேறு பங்காளி வீட்டுப் பையனை நிறுத்தலாம் என்று நான் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. அருள் அண்ணன் வரவில்லை என்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு நானாகப் போவது எப்படி?

இந்த நேரம் பார்த்துத்தான் திருச்சூரிலிருந்து நாடகக் குழு வந்தது. நடிகர்கள், செண்டை மேளம் அடிக்கிற செண்டைக்காரர்கள், விளக்குப் போடுகிறவர்கள் என்று இருபது பேர். ஊர்க்காரர்கள் இருநூறு பேரைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் மாட்டுச் சந்தையின் கதையைச் சந்தைத் திடலிலேயே நாடகமாகப் போடப் போவதாகச் சொன்னார்கள். பெயர் கொடுக்க வரச் சொன்ன அன்று பாதிப் பேர் ஆதார் நகலோடு வரிசையில் நின்றார்கள். இதில் அரசாங்க உதவி எதுவும் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் யாரும் திரும்பிப் போகவில்லை. ஊரே நடிக்கும்போது நாம் மட்டும் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நியாயம்தான்.

இயக்குநர் டின்டு என்ற பெண். கழுத்தில் விசில் தொங்கும். நாங்கள் டீச்சர் என்று கூப்பிட்டோம். நாடகத்துக்கு நடுநாயகமாகப் பத்தடி உயர மாடு ஒன்றை மூங்கிலாலும் சாக்காலும் கட்டியிருந்தார் சுவக்கீன் என்கிற கலைஞர். சாக்கின் நிறத்தைப் பார்த்து நாங்கள் அதற்குச் செவலை என்று பெயர் வைத்தோம். உள்ளே இரண்டு பேர் நிற்க வேண்டும். முன்கால்காரர் கழுத்தில் உள்ள ஓட்டை வழியாக வழி பார்த்து நடப்பார். பின்கால்காரருக்கு முன்னால் நிற்பவரின் முதுகும் கீழே தரையும்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே உயரம் இல்லையென்றால் மாடு நொண்டும். டீச்சர் ஆண்களை எல்லாம் நிறுத்தி டேப் பிடித்தார். ஒரே தாத்தாவின் பேரன்கள் என்பதால் குப்பண்ணனும் நானும் ஒரு நூல்கூட மாறாமல் ஐந்தடி பதினொரு அங்குலம் இருந்தோம்.

அவருக்கு முன்கால், எனக்குப் பின்கால். ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவனுக்குப் பின்கால். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று நான் டீச்சரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதனால் ஒன்றும் இல்லை, மாடு பேசாது என்றார். விலகிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதலில் விலகுகிறவன் தோற்றவன் ஆகிவிடுவான். அவரும் அதையேதான் நினைத்திருப்பார், எங்கள் ரத்தம் அல்லவா. ஆக இரண்டு பேருமே விலகவில்லை.

முதல் வாரம் செவலை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முன்கால் கோயமுத்தூர்ப் பக்கம் போனால் பின்கால் பாலக்காட்டுப் பக்கம் போகும். சுவக்கீன் நான்கு தடவை மூங்கிலை அவிழ்த்துக் கட்டினார். ஐந்தாவது தடவை, மாட்டின் முதுகெலும்பைத் தடவிக்கொண்டு, இது வரைக்கும் யானை கட்டியிருக்கிறேன், டைனோசர் கட்டியிருக்கிறேன், எதுவும் இப்படி முறிந்ததில்லை என்று வருத்தப்பட்டார்.

எட்டாம் நாள் குப்பண்ணன் வாயைத் திறந்தார். என்னிடம் இல்லை.

"செவலே, இடது காலத் தூக்கறப்ப நான் சொல்றேன். பின்னால இருக்கறவங்களும் அதே காலத் தூக்குனாங்கன்னா நீ உளுகாம இருப்பே."

அவர் மாட்டிடம் பேசுகிறார். மாட்டிடம் பேசுவது முறை தவறியதாகாது. கொஞ்சம் யோசித்துவிட்டு நானும் மாட்டிடமே சொன்னேன், சொல்லுகிறவர்களைச் சத்தமாகச் சொல்லச் சொல்லு, காதில் சாக்கு உரசுகிறது என்று. அன்றைக்குத்தான் செவலை திடலை ஒரு சுற்று முழுதாகச் சுற்றியது.

அதன் பிறகு செவலையிடம் நாங்கள் பேசாத பேச்சு இல்லை. தேங்காய்க்கு வந்த நோய், வாய்க்காலில் தண்ணீர் விடாத அதிகாரி, எனக்கு முட்டி வலி, அவருக்குச் சர்க்கரை, எல்லாவற்றையும் அந்த மாடு கேட்டுக்கொண்டது. இடைவேளையில் அவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, செவலைக்குத் தின்ன என்று சொல்லிக் கடலை மிட்டாய் கொடுப்பார். செவலை சார்பில் நான் வாங்கித் தின்பேன். வெளியே வந்ததும் அவர் கிழக்கே பார்ப்பார், நான் மேற்கே பார்ப்பேன். மாட்டுக்கு உயிர் வந்துவிட்டது, உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, நடக்கிறோம் என்றேன்.

கடைசி ஒத்திகையில் துணிந்துவிட்டேன். நாடகம் முடிந்தால் செவலையைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் யாரிடம் சொல்வது? வைகாசி ஆறாம் தேதி செல்வப்பிரியாவுக்குக் கல்யாணம், முன்னால் இருப்பவர்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று செவலையிடம் சொன்னேன். முன்னாலிருந்து பதில் வந்தது.

"செவலே, ஊட்டுக்கு வந்து சொல்லாம நடுவழியில சொல்றது முறையில்லீன்னு பின்னால இருக்கறவங்கதான் ஒம்பது வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க. நாம என்ன பண்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாட்டின் வாலைப் பிடித்து இழுத்துவிட்டேன். அது கையோடு வந்துவிட்டது. ஆத்திரம் அவர் மேல்கூட இல்லை. அவர் சொன்னது அத்தனையும் என் பேச்சு. ஒன்பது வருஷமாக டீக்கடையில் நான் சொல்லிச் சொல்லித் தீட்டி வைத்த நியாயம், அதை வைத்துத்தான் என்னை அடித்தார். வீட்டுக்கு வந்து என் மனைவி மருதாத்தாளிடம் சொன்னேன். அவள், அவர் சொல்வதில் என்ன தப்பு என்றாள். இவளும் அண்ணியும் இத்தனை வருஷமும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அது எனக்குத் தெரியாத மாதிரி நானும் இருந்துகொண்டேன்.

நாடகம் இரண்டு நாள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் ஆட்டம். இரண்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். தொழில் நடிகர்கள் நன்றாகத்தான் நடித்தார்கள், ஆனால் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கத் தெரியவில்லை, ஊரே சிரித்தது. மருதாத்தாள் தலையில் புல்லுக்கட்டோடு மூன்று தடவை திடலைக் கடந்தாள். கடைசிக் காட்சியில் செவலை எல்லை செக்போஸ்ட்டைத் தாண்ட மறுத்துத் திரும்பி, நாற்பது அடி நடந்து, இடது பக்கம் வளைந்து, திடலின் நடுவில் படுக்க வேண்டும். அத்தோடு நாடகம் முடிகிறது.

நான் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பது ஆயிற்று. முன்கால் வளையவில்லை. நாற்பத்தைந்து, ஐம்பது.

"செவலே, இடது பக்கம் திரும்போணும்" என்றேன். முன்கால் நேராகவே போனது.

கூட்டம் விலகி வழிவிடுகிற சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே சந்தைப் புழுதி முடிந்து தார் வந்தது. ஒரு பஸ் எங்கேயோ பக்கத்தில் நின்று ஹாரன் அடித்தது. டீச்சர் மைக்கில் மலையாளத்தில் என்னவோ கேட்டார், விசில் ஊதினார், பிறகு விசிலும் நின்றுபோனது. மாடு எங்கே போகிறதோ அங்கேதான் நாடகம் என்று நினைத்துச் செண்டைக்காரர்கள் பின்னாலேயே அடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பின்னால் இரண்டாயிரம் பேர் வந்தார்கள். பின்காலுக்கு இதில் எல்லாம் என்ன சொல்ல இருக்கிறது? முன்கால் போனால் போக வேண்டியதுதான்.

தார் முடிந்து சரளைக்கல் வந்தது. சரளை முடிந்து சிமெண்டுக் களம் வந்தது. களத்தின் ஓரத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கொப்பரைக்குப் பக்கத்தில் மூன்று படிகள் தெரிந்தன. யார் வீட்டுப் படி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதில் அதில் விழுந்துதான் முன்பல்லை உடைத்துக்கொண்டேன். செவலை முன்காலை மடக்கிப் படுத்தது. நானும் மடங்கினேன். குப்பண்ணன் சாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாட்டுக்குள் நான் மட்டும் இருந்தேன்.

எவ்வளவு நேரம்தான் மாட்டுக்குள் உட்கார்ந்திருப்பது? வெளியே வந்தேன். செண்டை நின்றது. ஜனங்கள் களத்திலும் மதிலிலும் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கமலாத்தாள் அண்ணி படியில் சொம்போடு நின்று, "வாங்க" என்று சொல்லித் தண்ணீரை நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அதற்குள் மருதாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தலையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து, வீட்டு வாசலில் நிற்கிறோம். இனிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பழக்கதோஷத்தில் மாட்டைத் திரும்பிப் பார்த்தேன். அது காலியாகக் கிடந்தது. குப்பண்ணன் எதிரே நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக முதுகையே பார்த்திருந்தவனுக்கு அந்த முகம் புதிதாக இருந்தது. நன்றாக வயதாகிவிட்டது.

"அண்ணா" என்றேன். "பிரியாளுக்கு வைகாசி ஆறாந்தேதி கல்யாணமுங்க. நீங்க எல்லாரும் வரோணும். அருளு மணவறையில நிக்கோணும்."

"தேதி குறிச்ச மக்காநாளே அருளு லீவு எழுதிக் குடுத்துட்டான், சுந்தரம்" என்றார். "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுவேன்னு உக்காந்திருந்தோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தவன் வீட்டை நினைத்து இத்தனை நாள் நான் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன், என் பெண்ணையும் கலங்க வைத்திருக்கிறேன். அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்து, நாளைக்கும் இதை அப்படியே செய்ய வேண்டும் என்று என் காதருகே சொன்னார். அண்ணன்தான், நாளைக்கு முடியாது டீச்சர், நாளைக்கு நாங்கள் பத்திரிகை வைக்கப் போக வேண்டும் என்றார்.