அண்டாவுக்குள் பிள்ளையார்

துணி துவைக்கும் மிஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி பூட்டத் தெரிந்த மொக்கையனுக்கு ஒரு கைத்துண்டைத் துவைக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அவனுடைய காக்கிச் சட்டையிலிருந்து கிரீஸை எடுத்தது அவன் மனைவி சுருளியம்மாளின் கைதான். இந்த அநியாயத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கென்று வைப்பாள்.

பீர்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆனைக்கல் எஸ்டேட் டீ பாக்டரியில் மொக்கையன் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிய வருஷங்களில், அவர்கள் விட்டுப்போன கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அடிதடி நடந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் கிடந்த துணி மிஷின்களைச் சீந்த ஆளில்லை. யாருக்காவது வேண்டுமா என்று கேட்டபோது மொக்கையன் மட்டும் கையைத் தூக்கினான். ஒன்றில் ஆரம்பித்தது, எழுபத்தாறாம் வருஷத்துக்குள் ஐந்தாகிவிட்டது. மூன்று மிஷின்கள் நாலு கால் வைத்த அண்டா மாதிரி; அதில் ஒன்று செம்பு. நடுவில் துணியைப் புரட்ட ஒரு கூம்பு, மேலே துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். நாலாவது, ஈரத்துணியைச் சுழற்றியே தண்ணீரை உதறிவிடும் டப்பா. ஐந்தாவது ஒரு தகர பீரோ. அதற்குள் துணியைத் தொங்கவிட்டால் கீழே கரண்டுக் கம்பிச்சுருள் சூடாகி உலர்த்திவிடுமாம். அந்தச் சுருள் எரிந்துபோய் எத்தனை மழைக்காலம் ஆயிற்றோ தெரியாது.

எல்லாம் பாக்டரிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரைக் கொட்டகையில் குடியேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. சங்கு ஊதியதும் மற்ற ஆண்கள் லயத்துக்கு வருவார்கள். மொக்கையன் கொட்டகைக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். ஒரே மகள் கல்யாணமாகிக் கம்பத்துக்குப் போன பிறகு, சுருளிக்கு வீட்டில் பேச்சுத்துணை என்று இருந்தவன் அவன் ஒருவன். அந்த ஒருவனும் இல்லை. எட்டு மணிக்கு வந்து, ஆறிப்போன குழம்பை ஆறிப்போனது என்றுகூடத் தெரியாமல் தின்றுவிட்டுப் படுப்பான்.

"அஞ்சு வெள்ளக்காரியக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறீகளே, அதுல ஒருத்தியாச்சும் உங்களுக்குக் கஞ்சி ஊத்துவாளா?" என்பாள் சுருளி.

"இல்ல புள்ள, அந்தச் செம்பு அண்டா ஓடிரும் பாரு. சுத்துற சாப்டுல ஒரு புஷ் வளையந்தான் பாக்கி."

"ஓடட்டும். ஓடிப்போயி மலையை விட்டே இறங்கட்டும்."

செம்பு அண்டா மிஷின்தான் அவனுக்குச் செல்லம். மற்ற இரண்டு அண்டாக்களின் உறுப்புகளை எடுத்து இதற்கு வைத்தான். உருளையில் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது; முண்டக்கயத்துக்குப் போய் ரப்பர் ஷீட் வாங்கி வந்து, சைக்கிள் கடைக்காரரைக் கெஞ்சி உருளையில் சுற்றி ஒட்டவைத்தான். இரும்புச் சாப்டில் பிடித்திருந்த துருவை மாசக்கணக்காகத் தேய்த்தான். அந்தத் துரு ஒன்றுதான் அவனுக்குப் பயம். தேய்த்துத் தேய்த்து, மறுநாள் போய் மறுபடி பார்ப்பான்.

புதிதாக வந்த மேனேஜர் குருவிளா சாருக்கு உரமூட்டை அடுக்க இடம் தேவைப்பட்டது. மலையாளி மேனேஜர் வந்தாலும் எஸ்டேட்டில் துரைதான். மொக்கையனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆயுதபூஜை கழிஞ்சு சனியாழ்ச்ச சாயந்திரம் நான் வரும். பங்களா விரிப்பு ரெண்டு தரேன். ஒரு மிஷினாவது ஓடி அத வெளுத்துக் காட்டணும். காட்டினா கொட்டகை உனக்கு. இல்லெங்கில் பழைய இரும்பு லாரியில எல்லாம் போகட்டே."

சுருளிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மறைப்பானேன்? போகட்டும், சனியன்கள் தொலையட்டும் என்றுதான் நினைத்தாள்.

ஆயுதபூஜை வியாழக்கிழமை வந்தது. பாக்டரியில் மொக்கையனும் ஆட்களும் ரோலர், டிரையர், கொழுந்து நிறுக்கும் தராசு வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்தார்கள். சுருளி பொரியை முந்தானையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஐந்தும் வெறும் நெற்றியோடு நின்றன. எஸ்டேட் சொத்து இல்லையே, யார் பொட்டு வைப்பார்கள்? பாக்டரி வேலையிலேயே மொக்கையன் ஓய்ந்துபோயிருந்தான். ஊர்க் கல்யாணத்தில் விசேஷ வீட்டுக்காரர்கள் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளைப் போல அவை நிற்பதைப் பார்த்து அவளுக்கு என்னவோ செய்தது.

வீட்டுக்குப் போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள். ஐந்துக்கும் பொட்டு வைத்தாள். செம்பு அண்டாவுக்கு வந்தபோது கை தாராளமாகிவிட்டது. எலுமிச்சங்காய் அளவுக்கு மஞ்சள் பிள்ளையார் ஒன்று பிடித்து, தலையில் அறுகம்புல் செருகி, அண்டாவுக்குள்ளே, எட்டிப் பார்த்தாலும் தெரியாதபடி கூம்பின் மடிப்புக்கு அடியில் உட்காரவைத்தாள். ஆட்டுரலுக்குக் குழியில்தானே பொட்டு வைக்கிறோம்? வேலை நடக்கிற இடத்தில்தானே சாமி இருக்க வேண்டும்? "அந்த மனுசன் மொகம் சுருங்கக் கூடாது சாமி" என்று கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

வெளியில் வைத்த பொட்டுகளையெல்லாம் சாயந்திரமே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். இத்தனை நாள் பேசின பேச்சுக்கு, அவன் பார்த்தால் ஆயுசுக்கும் கேலி செய்வான். பிள்ளையாரை மட்டும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எடுத்துத் தண்ணீரில் கரைப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். சனிக்கிழமை மத்தியானம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வரும்போது எடுத்துக்கொள்ளலாம். துரை வருவது சாயந்திரம்தானே.

துரைக்குக் கோட்டயத்தில் என்னவோ அவசரம். சனிக்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிட்டார்.

சுருளி மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கூடையோடு இறங்கி வந்தபோது கொட்டகை வாசலில் கயிற்றில் இரண்டு விரிப்புகளும் தொங்கின. வெள்ளை விரிப்பில் செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாக, சில இடத்தில் வெற்றிலை எச்சில் மாதிரி. அவளுக்கு ஒரு பார்வை போதும். மஞ்சள் மேல் சோப்புப் பட்டால் சிவந்துபோகும் என்பது சேலை துவைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். விரிப்பின் ஓரத்தில் அறுகம்புல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

உள்ளே மொக்கையன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

"மிஷின் ஓடுச்சு புள்ள," என்றான். "நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா துரு விட்ருச்சு. சாப்டுக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிருந்திருக்கு. என்னால அத எடுக்க முடியல." கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டே, "திங்கக்கெழம லாரி வருதாம். நானே ஏத்தி விடுறேன்னு சொல்லிட்டேன்" என்றான்.

சொல்ல வேண்டியது அவள் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அவள் சொன்னது வேறு: "விரிப்பைக் குடுங்க. அலசிப் போடுறேன்."

அன்று சங்கு ஊதியதும் மொக்கையன் வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஆறு மணிக்கு. சூடான குழம்பைத் தின்றான். விறகைப் பிளந்து அடுக்கினான். மகளைப் பற்றி அவள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டான். சுருளி எதற்காக மூன்று வருஷம் சண்டை போட்டாளோ அது கேட்காமலே கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இனி எல்லா நாளும் ஆறு மணிதான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓடையில் விரிப்புகளை நாலைந்து தண்ணீரில் அலசி, தேயிலைச் செடிகளின் மேல் விரித்தாள். அதிர்ஷ்டத்துக்கு அன்று மழை இல்லை. மஞ்சள் கறைக்கு வெயிலைத் தவிர வேறு மருந்து கிடையாது. துரை வீட்டுத் துணியைக் கறையோடு கொடுக்கக் கூடாதில்லையா, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காவலுக்குப் பக்கத்து வீட்டு நாச்சம்மாளை வைத்துவிட்டு, மொக்கையனோடு வண்டிப்பெரியாறு சந்தைக்குக் கிளம்பினாள்.

சந்தையில் அவனே பூ வாங்கிக் கொடுத்தான். பழைய இரும்புக் கடையைத் தாண்டினார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தக் கடைக்குள் புகுந்து, துருப்பிடித்த பல்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அரை மணி நேரம் அவளை வெயிலில் நிறுத்திவிடுவான். அன்று அவன் தலையே திரும்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சுருளி அவன் முதுகைப் பார்த்தாள். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிற இந்த ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வாங்க வந்த கருவாட்டை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கொழுந்துக்குப் போகவில்லை. கொட்டகைக்கு அவள் போய்ச்சேர்ந்தபோது, லாரியில் நாலு மிஷின் ஏறியிருந்தது. செம்பு அண்டாவை மொக்கையனும் லாரிக்காரர்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். துரை ஜீப்பில் சாய்ந்து நின்றார். சுருளியின் ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் துணிமூட்டை.

"கீழ வைங்க," என்றாள்.

"வேல நேரத்துல என்ன புள்ள..."

"வைங்கன்னா வைங்க. அது துரு இல்ல."

வைத்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மொக்கையன் தோளில் கிடந்த துண்டை உருவினாள். முந்தானை முடிச்சிலிருந்து மஞ்சளை எடுத்துத் துண்டில் தேய்த்தாள். மஞ்சளாக இருந்தது. தண்ணீரில் நனைத்துச் சோப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். செங்கல் நிறத்தில் சிவந்துகொண்டு வந்தது. லாரி கிளீனர் 'அட' என்று குனிந்து பார்த்தான். அப்புறம் மூட்டையைப் பிரித்து இரண்டு விரிப்புகளையும் உதறிக் காட்டினாள். தும்பைப் பூ நிறத்தில் இருந்தன.

"பூசையன்னிக்கு நான்தான் உள்ளாற பிள்ளையாரு பிடிச்சு வச்சேன். துரை சாயந்திரம் வருவாகன்னு எடுக்காம விட்டுட்டேன். அது கரைஞ்சு, சோப்புத் தண்ணி பட்டுச் செவந்துருச்சு. மிஷின் மேல ஒரு குத்தமும் இல்ல."

துரை துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கும் இது அறியில்ல மொக்கையா. நானும் துணி துவைச்சதே இல்லல்லோ!" லாரிக்காரர்களிடம் கையைக் காட்டினார். "எல்லாம் எறக்கு. பாதிக் கொட்டகையில உரம், பாதி இவன்."

எல்லோரும் இறக்கப் போன பிறகு மொக்கையன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"சனிக்கிழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

சுருளி வாளித் தண்ணீரைக் கொட்டினாள். "ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தீகல்ல," என்றாள். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்தைப் பார்க்க நடந்துவிட்டாள்.

அன்று சாயந்திரம் சங்கு ஊதியது. ஆறு ஆயிற்று. மொக்கையன் வரவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து மிஷின் ஓடுகிற சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. சுருளி குழம்பை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது செய்யப்போய் இருந்த ஆளையும் தொலைத்தாயிற்று, போ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆறரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மொக்கையன் பனியனோடு நின்றான். கையில் ஈரமான காக்கிச் சட்டை, உருளையில் பிழிந்து பலகை மாதிரி விறைப்பாக. துவைத்ததும் பிழிந்ததும் அவனே. பரீட்சைத் தாளை நீட்டுகிற மாதிரி அதை அவளிடம் நீட்டினான்.

சுருளி விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். முதுகு நன்றாக வெளுத்திருந்தது. "காலரு அழுக்குப் போகல," என்றாள்.

"காலருக்கு என்ன புள்ள செய்யணும்?"

இருபத்திரண்டு வருஷத்தில் துணியைப் பற்றி அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. சுருளி குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றினாள், சோற்றை மூடிக் கட்டினாள். மாடத்திலிருந்து சோப்புத் துண்டையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு, தூக்குச்சட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"நடங்க, காட்டுறேன்," என்று அவனுக்கு முன்னால் கொட்டகைக்குக் கிளம்பினாள்.