படகுக்கு வாங்கின பாட்டுப்பெட்டி

படகு வாங்கியதையே அபயாம்பாள் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குள் படகுக்குப் பாட்டுப்பெட்டி வேண்டும் என்று கிளம்பிவிட்டார் கோதண்டபாணி.

உத்தியோக காலம் முழுக்கக் கப்பல் என்ஜினியராகக் கடலைச் சுற்றிவிட்டு வந்த மனுஷர். ஓய்வு பெற்றபின் மயிலாப்பூரில் மற்றவர்களைப் போலக் கோயில் பிரதட்சிணம், நாகேஸ்வரராவ் பூங்காவில் நடை என்று இருக்கக் கூடாதா? முட்டுக்காட்டுப் பக்கம் கழிமுகத்தில் யாரோ வைத்திருந்து அலுத்துப்போன ஒரு ஃபைபர் படகை வாங்கி, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்த் தடவிக் கொடுத்துவிட்டு வருகிறார். நாலு பேர் உட்காரலாம். ஐந்தாவது ஆள் ஏறினால் யாராவது ஒருத்தர் நீந்த வேண்டியதுதான்.

"அதுல பாட்டு ஒண்ணுதான் குறைச்சலா இருக்கோ?" என்று கேட்டாள் அபயாம்பாள்.

"நீயும் வாயேன். நல்ல செட்டாப் பார்த்து எடுக்கணும். உன் காது வேணும் எனக்கு," என்றார்.

காது வேண்டுமாம். அவளுக்குச் சுருக்கென்றது. அவள் பாடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அதுவும் இவர் சொன்ன ஒரு வார்த்தையால்.

அவள் பெரிய பேரெடுத்த பாடகி என்று சொல்ல முடியாது. டிசம்பர் சீசனில் சபாக்களில் மத்தியானக் கச்சேரி கிடைக்கும். கூட்டம் அரை அரங்கு இருக்கும், அதில் பாதிப் பேர் சாப்பிட்ட களைப்பில் கண்ணை மூடியிருப்பார்கள். கச்சேரி முடிந்ததும் எல்லோரும் வந்து 'பிரமாதம்' என்பார்கள். கேன்டீன் ரவா தோசையையும் அதே வாயால்தான் பிரமாதம் என்றார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. வீடு திரும்பும்போது காரில் புருஷனிடம் மட்டும் கேட்பாள்: "எப்படி இருந்தது?"

கோதண்டபாணி சங்கீதம் கற்றவர் இல்லை. ஆனால் கேள்வி ஞானம் என்றால் அப்படி ஒரு ஞானம். "ரெண்டாவது பாட்டுல ஏன் அவசரப்பட்டே?" என்பார். அவசரப்பட்டிருப்பாள். "இன்னிக்கு நன்னா இருந்தது," என்றால் நன்றாகவே இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய பாட்டைப் பற்றி அவர் ஒரு பொய் சொன்னதில்லை. அவள் தன் குரலை அந்த மனுஷரின் காதை வைத்துத்தான் எடைபோட்டு வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சீசனில், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன சபாவில் பாடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மந்தைவெளி சிக்னலில் கார் நின்றது. அவள் கேட்டாள்.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலை அபயா. ஸ்ருதி, தாளம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா குரல்ல அந்த வெளிச்சம் இல்லை. துணியைப் போட்டு மூடினாப்பல இருக்கு. கொஞ்ச நாளாவே அப்படித்தான் தோண்றது."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கலங்காமல் சொல்லியிருந்தாலாவது அவள் சண்டை போட்டிருப்பாள். அடுத்த சீசனுக்குக் கூப்பிட்டவர்களிடம் முடியாது என்றாள். பத்து வருஷமாகத் தன்னிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்த ஸ்நேஹாவை அடையாறில் வேறொரு டீச்சரிடம் அனுப்பிவைத்தாள். "ஏன் மாமி? உங்க குரல் நன்னாத்தானே இருக்கு?" என்று அந்தப் பெண் அழுதபோது, குழந்தை நம் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறது என்றுதான் நினைத்தாள். தம்பூரா உறைக்குள் போயிற்று. நாளடைவில் அதன்மேல் இஸ்திரிக்குப் போகிற புடவைகளும் ஏறிக்கொண்டன. குரல் செத்துப்போனால் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. அவள் தனியாகவே அழுது தீர்த்தாள்.

கடை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் இருந்தது. காருக்கு சீட் கவரும் ஹாரனும் மாட்டுகிற கடைகளுக்கு நடுவே, ஃபராஸ் என்பவர் படகு சாமானும் வைத்திருந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், உற்சாகமான ஆள். இவர்கள் உட்காருவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"கார் செட்டைப் போட்டீங்கன்னு வையி சார், உப்புக் காத்துல ரெண்டே மாசத்துல துரு புடிச்சு பூடும். இது போட்டுக்குன்னே பண்ணது. ஃபுல்லா சீல் பண்ணிக்கீது. தண்ணி அட்ச்சாலும் ஒண்ணியும் ஆவாது."

"அதெல்லாம் சரிப்பா. முதல்ல போட்டுக் காட்டு," என்று கோதண்டபாணி தன் செல்போனை எடுத்தார்.

எதைப் போடப்போகிறார் என்று அபயாம்பாளுக்கு அவர் சொல்லவில்லை. தம்பூரா எழுந்தது. அடுத்து அவளுடைய குரல். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பாடிய காம்போதி ராகக் கீர்த்தனை. யாரோ ரசிகர் பதிவு செய்து கொடுத்தது, கப்பல் கப்பலாக இவரோடு போய் வந்தது.

"இதை என்னத்துக்குப் போடறேள்?" என்றாள்.

"வேற எதை வெச்சு ஸ்பீக்கரைப் பார்க்கறது? எனக்கு அத்துப்படியா இருக்கறது இது ஒண்ணுதான்."

அவள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கூடவே கேட்கவும் செய்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. குரல் தாராளமாக மேலே ஏறி, மேல் காந்தாரத்தில் போய் அசையாமல் நின்றது. செத்துப்போன மனுஷியின் போட்டோவைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

கோதண்டபாணி உதட்டைப் பிதுக்கினார். "என்னப்பா, மந்தமா இருக்கே? தம்பூராவே காணோமே?"

"கேக்குதே சார்! ஙொய்யினு கேக்குது பாரு."

"எங்கே கேக்கறது? வேற போடு."

ஃபராஸ் வேறொன்றை இணைத்தார். அதுவும் ஆகவில்லை. மூன்றாவது, கடையிலேயே உசத்தியானது. வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போட்டார். தம்பூராவின் நாலு தந்தியும் தனித்தனியாக அந்தச் சின்ன அறையை நிறைத்தன. அபயாம்பாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னையறியாமல் புருஷனைப் பார்த்தாள்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லைப்பா. இதுவும் அப்படித்தான். துணியைப் போட்டு மூடினாப்பல இருக்கு."

மந்தைவெளி சிக்னலில் சொன்ன அதே வார்த்தைகள்.

அபயாம்பாளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன மாதம் குக்கர் ஓயாமல் விசில் அடித்து, பருப்பு தீய்ந்து, அவள் மொட்டை மாடியிலிருந்து ஓடி வந்து பார்த்தால் மனுஷர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அடுப்பு எரிஞ்சா எனக்கென்னன்னு இருக்கேளே," என்று கத்தினாள். டி.வி. சத்தத்துக்குப் பக்கத்து ஃபிளாட்காரர் வந்து முறையிட்டுவிட்டுப் போனார். வாசல் மணி கேட்கவில்லை என்று கூரியர்காரன் திரும்பிப் போனான். என்ஜின் ரூமில் எல்லோரும் காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும்போது இவர் மட்டும் மூடியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வாராம். எந்த பேரிங் கெட்டிருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன் என்று பெருமையடிப்பார். அந்தப் பெருமைக்குக் காது கொடுத்த விலை இப்போதுதான் தெரிகிறது. அவர் கணக்கில் வீட்டு ஸ்பீக்கர் பழசாகிவிட்டது, செல்போன் உதவாக்கரை, டி.வி.யில் வருகிறவன் முணுமுணுக்கிறான், பெண்டாட்டியின் குரல் மங்கிவிட்டது. உலகத்தில் பழுதாகாத ஒரே சாமான் அவர் காதுதான்.

ஆனாலும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு.

"ஏன் தம்பி, இதுல கீச்சுச் சத்தத்தைக் கூட்டறதுக்கு ட்ரெபிள்னு இருக்குமே, அதை ஏத்துங்கோ."

ஃபராஸ் ஏற்றினார்.

"இன்னும்."

"மேடம், இதுக்கு மேல வெச்சா காது கீஞ்சிடும்."

"பரவாயில்லை. ஏத்துங்கோ."

கடைசிவரை ஏற்றியதும் காம்போதி தகரத்தைக் கருங்கல்லில் தேய்க்கிற மாதிரி கீச்சிட்டது. வெளியே ஹாரன் வாங்க வந்து நின்றிருந்தவரே திரும்பிப் பார்த்தார். ஃபராஸ் பல்லைக் கடித்துக்கொண்டார். கோதண்டபாணி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"இதோ! வந்துடுத்து பார்! தம்பூரா வந்துடுத்து. இதான் குரல். இதான் அபயா!" என்று அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"இதையே எடுத்துண்டுடலாம்," என்றாள் அவள்.

மறுநாள் செட்டை மாட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு அவர் முட்டுக்காட்டுக்குப் போனார். அவள் வாசல் கதவைத் தாழிட்டாள். புடவைகளைக் கீழே தள்ளிவிட்டுத் தம்பூராவை உறையிலிருந்து உருவினாள். ஸ்ருதி சேர வெகுநேரம் ஆயிற்று. குரல் முதலில் பிசிறடித்தது. இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வழி விட்டது. மேல் காந்தாரத்தைத் தொட்டபோது அது அங்கேயே இருந்தது, எங்கேயும் போகவில்லை.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. 'பாவி மனுஷா, இருக்கறதைப் போய்ச் செத்துப்போச்சுன்னு சொன்னேளே!' என்று வெறும் சுவரைப் பார்த்துத் திட்டினாள். ஊரே நன்றாக இருக்கிறது என்றபோது இந்த ஒரு காதை நம்பினாளே, அந்த அசட்டுத்தனத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது? அன்று சாயங்காலமே ஸ்நேஹாவுக்கு போன் செய்து, திங்கட்கிழமை பாட்டுக்கு வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை படகில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்தாள். முதலில் பாட வேண்டும். அப்புறம் உடைத்துச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்தில் காற்றே இல்லை. கோதண்டபாணி படகை நடுவில் கொண்டுபோய் என்ஜினை அணைத்தார். புது செட்டின்மேல் படிந்திருந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்தார்.

"போடட்டுமா?"

"இருங்கோ. நான் பாடறேன்."

அவர் திகைத்துப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதே கீர்த்தனையைப் பாடினாள். தம்பூரா இல்லை, பக்கவாத்தியம் இல்லை. எதிரே ஒரே ஒரு ஆள். வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை என்று அவளுக்கே தோன்றியது. மேலே போய் நின்றபோது, தூரத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தாள். கோதண்டபாணி அழுதுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டுவிட்டதா?

அவர் அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "முயற்சி பண்ணினியே, அது போறும். தொண்டையை வருத்திக்காதே அபயா. அன்னிக்குக் கார்ல நான் வாயை மூடிண்டு இருந்திருக்கலாம். பொய் சொல்லியிருந்தா நீ பாட்டுக்குப் பாடிண்டிருந்திருப்பே. இந்த ரெண்டு வருஷமா அதை நெனைச்சு நெனைச்சு எனக்குத் தூக்கமே இல்லை. உன்கிட்டப் பொய் சொல்ல எனக்கு வரலையே, என்ன பண்ணுவேன்? அதனாலதான் இந்த செட்டு. போன குரலை என்னால கொண்டுவர முடியாது. இருந்த குரலை இருந்தபடியே கேக்கலாமோல்லியோ? நாம ரெண்டு பேரும் மட்டும், யாரும் இல்லாத இடத்துல."

அபயாம்பாள் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது நுனிநாக்கில் இருந்தது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் காது கெட்டிருக்கிறது என்று தெரிந்த நிமிஷமே இந்த மனுஷர் எத்தனை நாளாக என்று யோசிக்க ஆரம்பிப்பார். என்ஜினில் கோளாறு எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பதே இவருக்குப் பிழைப்பாக இருந்தது. ஒவ்வொன்றாகப் போய், மந்தைவெளி சிக்னலில் வந்து நிற்பார். அப்புறம் அவர் மிஞ்சமாட்டார். அவள் நாளையிலிருந்து பாடப்போகிறாள், சீசனுக்குக் கூப்பிட்டால் மேடையிலும் பாடுவாள். எவர் கேட்க வேண்டும் என்று பாடினாளோ, அவர் ஒருவருக்குத்தான் அது இனி கேட்காது.

"அதையே போடுங்கோ," என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செட்டைப் போட்டார். கரையோரம் நின்றிருந்த நாரை அந்தக் கீச்சலுக்கு எழுந்து பறந்தது. அபயாம்பாளுக்குக் காது கூசியது. அவர் முன்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, படகின் விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தார்.

அவர் முதுகைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "என் குரல் எங்கேயும் போகலை. உங்க காதுதான் போயிடுத்து."

அவர் பாதி திரும்பினார். "என்ன சொன்னே?"

"சத்தம் போறுமான்னு கேட்டேன்."

"போறும், போறும். கச்சிதமா இருக்கு," என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பெட்டியில் காம்போதி மேல் ஸ்தாயிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவளும் அதோடு சேர்ந்து பாடினாள், முழுக் குரலில். பழைய குரலும் புதுக் குரலும் ஒரே காந்தாரத்தில் போய் நின்றன. அவர் தாளம் பிசகாமல் விழுந்துகொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.