வாடிக் கிடுகு

இந்தக் காலத்தில் யாரும் குனிவதில்லை. நின்றபடி பார்க்கிறார்கள், நின்றபடி தீர்ப்புச் சொல்கிறார்கள், அப்படியே சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார்கள். குனிந்தால் காற்சட்டை மடிப்புக் குலைந்துவிடுமாம். மண்ணில் முழங்கால் படாமல் பயிருக்கு வைத்தியம் சொன்னவன் ஒருத்தன் சொன்னதும் பலித்ததாகக் கலந்தர் தம் அறுபத்தெட்டு வயதில் கண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்த விவசாயப் போதனாசிரியர் பாக்கியராசாவும் நின்றுகொண்டுதான் இருந்தார். சாய்ந்தமருதில் கடலுக்குப் போகும் மணல் பாதையோரம் கலந்தரின் வளவு. அங்கே தண்ணீர் அள்ளும் துரவுக்குப் பக்கத்தில், தென்னோலை பின்னிய கிடுகுப் பந்தலின் கீழ், நானூறு தக்காளி நாற்று. ஐந்தாறு நாளில் தோணா ஓடைக் கரைத் தோட்டத் துண்டில் அவற்றை நட வேண்டும். எருப் போட்டு, கொத்தி, குழியும் எடுத்தாயிற்று. கையில் வேறு விதை ஒரு மணி இல்லை. இந்த நானூறும் போனால் அந்தத் துண்டு இந்த வருடம் எருக்கலைக்குத்தான்.

நாலு நாளாக இலைகளின் ஓரம் கருகிச் சுருண்டுகொண்டு வந்தது.

"காக்கா, இது இலைச்சுருட்டு நோய்," என்றார் பாக்கியராசா. "ஒண்டிலிருந்து ஒண்டுக்குத் தொத்தும். பக்கத்து வளவில மிளகாய் நிக்குது. எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கோணும்."

"ஐயா எலையத் திருப்பிப் பாத்தீங்களா?"

"பாத்துத்தானே சொல்றன்."

"எந்தக் கையால பாத்தீங்க? ரெண்டு கையும் காச்சட்டைப் பைக்குள்ளதான் இரிந்திச்சி."

பாக்கியராசா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தகரப் பேணியை எடுத்து வேலிக் கட்டையில் வைத்தார். "இந்தத் தூளைத் தூவி வையுங்க. வியாழக்கிழமை வருவன். புதுசா வாற இலையும் சுருண்டா, நானே நிண்டு எரிப்பிப்பன்."

எரிக்கும்போதும் நிற்கத்தான் போகிறான் என்று கலந்தர் நினைத்துக்கொண்டார்.

அவர் போனதும் வேலிக்கு மேலால் பக்கத்து வளவு ஆசியா உம்மாவின் தலை எழும்பியது. "கண்ணூறு காக்கா. போற வாற ஆக்களெல்லாம் பாத்துப் பெருமூச்சு விட்டா எலை கருகாம என்ன செய்யும்? தண்ணி ஓதித் தெளிங்க."

"ஓதின தண்ணிய முதல்ல உன்ட நாக்குல தெளி. ஊருக்கே கண்ணூறு அங்கதான் இரிக்கி."

தலை இறங்கியது. பந்தலின் மேலே ஒரு கடுவன் பூனை ஏறிக் கிடந்து கிடுகை நக்கிக்கொண்டிருந்தது. நாலைந்து நாளாக அதற்கும் இதே வேலை. கலந்தர் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். பூனை இரண்டடி தள்ளிப் போய் மறுபடியும் நக்கியது.

பானையோடு துரவுக்கு வந்த மகள் ஸுலைஹா இதைப் பார்த்து நின்றாள். "வாப்பா, பூனை ஏன் அதையே நக்குது?"

"அதுக்கும் உத்தியோகம் இல்ல. அதான்."

அவள் பானையை வைத்துவிட்டுப் பாத்தி ஓரத்தில் குந்தினாள். ஒவ்வொரு நாற்றாக இலையைத் திருப்பிப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க. பந்தலுக்கு வெளிய நிக்கிற ஓரத்து வரியில ஒரு எலையும் கருகல்ல. உள்ளுக்க நிக்கிறதுதான் கருகியிரிக்கி. அதுவும் கிடுகு தொங்கிச் சொட்டுற நேருக்கு நேர. இது எங்கத்தக் கிடுகு?"

"உன்ட புருஷன் மசூர் கருவாட்டு வாடியில கழட்டிப் போட்டது. நல்ல கிடுகு. அதையும் எரிக்கவா சொல்றாய்?"

"ரெண்டு வருசம் உப்பு மீன் காயப்போட்ட கிடுகு வாப்பா. விடியப் பனி பெஞ்சு அதில ஊறிச் சொட்டினா எலை என்னத்துக்கு ஆகும்?" கிடுகில் ஓர் ஈர்க்கை ஒடித்துக் கடித்துத் துப்பினாள். இன்னொன்றை நீட்டினாள். "நீங்களும் கடிச்சுப் பாருங்க."

கலந்தர் கடித்தார். சிறிது நேரம் மென்றார். "கடக்கரையில எதுதான் உப்பில்ல? என்ட தாடியும் உப்புத்தான். தாடிக்குப் பயந்து தக்காளி கருகுமா?"

ஆனால் பகல் சாய்வதற்குள் கிடுகு முழுவதையும் தாமே இறக்கி மூலையில் அடுக்கிவிட்டார். பூனை ஏறுகிறது, அதனால்தான் என்றார். பாத்திக்கு மேல் பச்சைத் தென்னோலையைத் தாழ்வாகப் பரப்பினார். ஸுலைஹா ஒவ்வொரு விடியலிலும் துரவுத் தண்ணீரால் இலைகளைக் கழுவினாள். அதை அவர் காணாதவர்போல் இருந்தார்.

வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு பாக்கியராசா வந்தார். சைக்கிள் பிடியில் மண்ணெண்ணெய்ப் போத்தல் தொங்கியது. ஓலை தாழ்வாக இருந்ததால் முழங்கால் போடாமல் அவருக்கு வழியில்லை. கலந்தர் அதைத் திருப்தியோடு பார்த்தார். பழைய இலைகளில் கருகல் அப்படியே இருந்தது. புது இலை ஒவ்வொன்றும் பச்சையாக, நேராக விரிந்திருந்தது.

"தூள் நல்லா வேலை செஞ்சிருக்கு," என்றார் பாக்கியராசா.

கலந்தர் வேலிக் கட்டையிலிருந்த பேணியை எடுத்துக் கொடுத்தார். மூடியில் ஒட்டிய கடதாசி கிழியாமல் இருந்தது.

ஸுலைஹா வாசலில் நின்றபடி கிடுகின் கதையைச் சொன்னாள். பாக்கியராசா எழுந்து போய், அடுக்கிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி நாக்கில் வைத்தார். பிறகு கொப்பியை எடுத்து எழுதினார். "மகள் சொல்றதுதான் சரி, காக்கா. உப்புத்தான். நான் பிழை விட்டிட்டன்."

கலந்தருக்கு இதுதான் பொறுக்கவில்லை. சொன்ன சொல்லில் ஐந்து நாள் நிற்கத் தெரியாதவன் எல்லாம் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறான்.

"அண்டைக்கு நிண்டுகொண்டு நோய் எண்டீங்க. இண்டைக்கு நக்கிற்று உப்பு எண்டுறீங்க. நாளைக்கு என்னத்தை நக்கப் போறீங்களோ."

"அப்ப என்னதான் காரணம், காக்கா?"

"பூனை. மேல ஏறிக் கிடந்து மூத்திரம் பேஞ்சிரிக்கி. பந்தல் போன, பூனை போன, எலை வந்த. இதுக்குக் கொப்பி வேணுமா?"

"அப்ப இந்தக் கிடுகை எரிக்கட்டா வாப்பா?" என்றாள் ஸுலைஹா.

"நனையாம வை. வாற வருசப் பந்தலுக்கு வேணும்."

நானூறு நாற்றையும் வேர்மண்ணோடு கிளப்பிக் கடகங்களில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடினார். முதல் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தோணாப் பக்கம் நடந்தார். பின்னால் பூனை கிடுகு அடுக்கின் மேல் குதித்த சத்தம் கேட்டது. மகள் சிரித்தாள். அந்த உத்தியோகத்தரும் சிரித்தார். உப்பாம், என்று கலந்தர் மணலில் காறித் துப்பினார். துப்பியதும் உப்புக் கரித்தது. கடற்கரையில் எதுதான் உப்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, திரும்பாமல் நடந்தார்.