உதட்டுப் பேச்சு

இங்கிலாந்தின் பர்ன்லியில் சூரியனுக்கு முன்னால் மில் சங்கு விழித்துவிடும். விடிவதற்குள் தறிக்கூடம் அதிர்ந்துகொண்டிருந்தது. என்ஜின் இழுத்த இழுப்பில் தோல்வார்கள் கூரையடியில் ஓட, தறிகளில் நூல் சுமந்த நாடாக்கட்டைகள் இடமும் வலமும் பாய்ந்தன. குழாய்களிலிருந்து நீராவி சீறியது. மட்டமான நூல் காய்ந்தால் அறும் என்று முதலாளி ஆர்மரோட் காற்றையே நனைத்து வைத்திருந்தார். தபிதாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வெளியே உறைபனி, இந்த ஈரத்தோடுதான் வீடு போக வேண்டும்.

பக்கத்துத் தறியில் தங்கை டார்கஸ் இருமினாள். அந்த இரைச்சலில் இருமல் கேட்காது. தோள் குலுங்குவது மட்டும் தெரியும்.

மேஸ்திரி ஈனாக்குடன் முதலாளி உள்ளே வந்தார். தபிதா அவர் காதருகே போய்க் கத்தினாள்.

"ஐயா, ஆவியைக் கொஞ்சம் மூடச் சொல்லுங்க. தங்கச்சி நெஞ்சு தாங்கல."

"தாங்கலைன்னா வீட்ல கிடக்கச் சொல்லு. வேலை கேட்டு வாசல்ல ஆள் நிக்குது."

"நூலுக்கு மட்டும் வைத்தியம் பாக்குறீங்களே!"

"நூல் நான் காசு போட்டு வாங்கினது. ஈனாக், அடுத்த குழாயையும் திற!"

தபிதா தன் தறிக்குத் திரும்பினாள். தறிக்கூடத்துப் பெண்கள் உதட்டசைவாலேயே ஊர்வம்பெல்லாம் பேசுவார்கள். முதலாளிக்கு அது வெறும் வாயசைப்பு.

'எல்லாரும் நிறுத்துங்கடி,' என்றன தபிதாவின் உதடுகள்.

'கூலி போயிருமேக்கா?' எதிர்த்தறி கெசையா.

'டார்கஸே போயிருவாளேடி!'

சொல் வரிசை வரிசையாகத் தாவியது. ஈனாக்கும் தறியில் வளர்ந்தவன்தான். பார்த்தான், குனிந்து செருப்பு வாரைக் கட்டத் தொடங்கினான்.

கைப்பிடிகள் விழுந்தன. தறிகள் நின்றன.

"திறன்னு சொன்னேன்ல!" முதலாளியின் கத்தல் அந்த அமைதியில் தனியாக எதிரொலித்தது.

"கத்தாதீங்கய்யா, இப்பக் காது நல்லாக் கேக்குது," என்றாள் கெசையா. சிரிப்பு வெடித்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாராச்சும் பேசுனது கேட்டுச்சாய்யா?" என்றாள் தபிதா.

"ஈனாக், நீ பாத்தியா?"

"வாரைக் கட்டிட்டிருந்தேனுங்க."

"மில் கேட்டைப் பூட்டிடுவேன். பசிச்சா தன்னால வருவீங்க!"

யாரும் அசையவில்லை. ஆவி சீறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் டார்கஸின் இருமல் எழுந்தது. அத்தனை நாளும் தறிகள் விழுங்கிய அந்த இருமலைக் கூடம் முழுவதும் இப்போதுதான் கேட்டது. பேச மூச்சில்லாமல் அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்: 'எனக்காகப் பட்டினி கிடக்காதீங்க.' அத்தனை வாய்களும் சத்தமின்றிப் பதில் சொல்லின.

"என்ன சொல்றாளுக?"

ஈனாக் இந்த முறை குனியவில்லை. "குழாயை மூடுற வரைக்கும் தறியைத் தொட மாட்டாங்களாம்," என்றவன், டார்கஸின் தறியோரம் போய் நின்றான். "நானுந்தானுங்க."