கேட்பாரற்ற பிராணி

கெடு முடிந்த மறுநாள் காலை, வக்கீல் என்ற கிழட்டு நாய் விட்டத்தில் முதுகை உரசிக்கொண்டு மிதந்தது. பிராணிகள் காப்பகத்தை நடத்துபவளும் தெருவுக்கே நாயக்காவுமான அந்த அம்மாளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புதுச் சட்டம் வந்த நாள் முதல் இதுதான் நடைமுறை. காப்பகத்துப் பிராணியைக் கெடுவுக்குள் வெளியாள் எவரும் கேட்காவிட்டால், அது 'கேட்பாரற்ற பிராணி'. எடை போய்விடும், மிதக்கும். மிதப்பதை அரசாங்க வண்டி ஏற்றிக்கொண்டு போகும். போனது எதுவும் திரும்பியதில்லை.

நாயக்கா சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள். வளர்க்கக் கேட்டு வந்தால்தான் கேட்டதாகும் என்று அதில் எங்கேயும் இல்லை என்பதை முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாள். பால்காரரை ஜன்னலோரம் நிறுத்தி, "சும்மா ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள். அவர் மேலே மிதந்த பூனையைப் பார்த்து, "என்னம்மா, சாப்டியா?" என்றதும் அது தொப்பென்று தரைக்கு வந்தது. அதன்பிறகு தெருவே போகிற போக்கில் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனது. வருஷக்கணக்கில் வண்டி வெறுமனே திரும்பியது.

வக்கீல் விஷயம்தான் சிக்கல். மூன்று காலில் நொண்டிக்கொண்டே தெருவில் ஒரு கால் விடாமல் கடித்து வைத்திருந்தது. "அதையா? கேட்டா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிதான் கேட்பேன்" என்றார் பால்காரர். "அதையாவது வந்து கேளுங்க" என்று நாயக்கா கெஞ்சியும் கிட்டே வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டபோதும் அவள் ஜன்னலோரம் நின்று போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடிநாய்தான், ஆனால் அவள் இருமினால் ஓடிவந்து பார்க்கிற ஒரே ஜீவன் அதுதான்.

வண்டியில் வந்த அரசாங்க ஆய்வாளர் தடித்தடியான சட்டப் புத்தகங்களை ஒரு பையில் தோளோடு மாட்டியிருந்தார். உட்கார்ந்த பிறகும் பையைக் கழற்றவில்லை. அவர் செருப்பின் அடிப்பாகம் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே தேயாமல் இருந்தது. அவர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, வக்கீல் மேலிருந்தபடியே அவர் தலையில் ஒன்றுக்குப் போனது.

"ஏய்! அறிவிருக்கா உனக்கு? யார் தலைன்னு பார்க்க வேணாமா?"

வக்கீல் நேராக அவர் மடியில் விழுந்தது. பை கழன்று ஒரு மூலைக்குப் போனது.

"கேட்டுட்டீங்களே சார்" என்றாள் நாயக்கா.

"திட்டினேம்மா!"

"கேள்வியாத்தானே திட்டுனீங்க?"

புத்தகத்தில் பார்த்துச் சொல்லலாமென்று ஆய்வாளர் நாயை இறக்கிவிட்டார். இறக்கியதும் நாற்காலியை விட்டு எழும்பினார், கால் தரையைத் தொடவில்லை. நாயும் பையும் இல்லாமல் மெல்ல விட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாயக்கா அண்ணாந்து பார்த்தாள். பாவம், இந்த மனுஷனுக்குக் கெடு எப்போதோ முடிந்திருக்கிறது.

"சாப்டீங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா" என்றபடி இறங்கினார்.

ஆய்வு இன்னும் முடிந்தபாடில்லை. மத்தியான வேளைகளில் வருகிறார், பை கொண்டுவருவதில்லை. வக்கீல் இதுவரை இரண்டு தடவை கடித்திருக்கிறது.