சேவல் விமானத்து நாற்காலி

"முடியே இல்லாத மனுஷனுக்கு வாரா வாரம் என்ன முடிவெட்டு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"காதுக்கு மேல ரெண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கே."

"அது போன வாரமும் இருந்துச்சு. அதே முடிதான். எனக்கு அடையாளமே தெரியும்."

"அவர் உட்கார்றார், நான் கத்தரிக்கோலை ஆட்டறேன். உனக்கென்ன வந்துச்சு?"

எங்கள் வீட்டுக்கும் அவருடைய சலூனுக்கும் நடுவே ஒரு திரைதான் உண்டு. பின்னால் துண்டு துவைத்துக்கொண்டே முன்னால் நடக்கும் பேச்சு முழுவதையும் கேட்பேன். வருகிறவர்கள் எல்லாரும் அரசாங்கத்தைக் கவிழ்ப்பார்கள், மருமகளைத் திட்டுவார்கள். அந்த வழுக்கைத்தலைக்காரர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கண்ணை மூடி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த தெருவில் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்கிறவர் அவர். எல்லாருக்கும் அவர் பம்புக்காரர்தான்.

சலூன் நாற்காலியும் சாதாரண நாற்காலி இல்லை. போர் முடிந்து ஊருக்கு வெளியே இருந்த விமானத்தளத்தை மூடியபோது, அங்கே இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். புதுத் தொழில், கடையில் நாற்காலி வாங்க வழியில்லை. பழைய இரும்புக்கடையில் எதையோ தேடப் போன என் வீட்டுக்காரர் இதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாரு, வலது பக்கம் லீவர்! இழுத்தா ஏறுது, இறங்குது. சலூனுக்குன்னே செஞ்ச மாதிரி!"

"நடுவுல என்ன இவ்வளவு பெரிய குழி? குழந்தையைக் குளிப்பாட்டவா?"

குழியை அடைக்கப் பஞ்சு மெத்தை தைத்தேன். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சொகுசு, சொகுசு என்றார்கள். பம்புக்காரர் மட்டும் முதல் நாளே முகம் சுளித்தார்.

"தங்கச்சி, மெத்தை ரொம்ப மெத்துனு இருக்கு."

"மெத்தைன்னா அப்படித்தானே அண்ணே இருக்கும்?"

"கல்லு மாதிரி ஒண்ணு தெச்சுத் தர முடியுமா?"

"பேசாம கல்லையே வச்சிடறேனே. தைக்கற வேலை மிச்சம்."

மனுஷன் அதையும் யோசித்துப் பார்த்தார்! கடைசியில் பழைய கித்தான் துணியை மடித்து மடித்து, ஊசி வளைய வளையத் தைத்துக் கொடுத்தேன். அவர் சைக்கிள் மணி கேட்டதும் பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு அதைப் போடுவது என் வேலை ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை அவர் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தபோது, தோளில் பையும் கையில் அளவு நாடாவுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். வந்ததும் வராததுமாகத் தரையில் குந்தி, நாற்காலிக்கு அடியில் தலையை நீட்டினாள்.

"என்னம்மா தேடறே? எலியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு விமானத்தைத் தேடறேன் ஐயா."

"நாற்காலிக்கு அடியிலயா?"

அவள் எழுந்து சிரித்தாள். அருங்காட்சியகத்தில் வேலையாம். "சேவல் ஞாபகம் இருக்கா ஐயா?"

எங்கள் வயதுக்காரர்களுக்கு எப்படி மறக்கும்? மூக்கில் சிவப்புச் சேவல் வரைந்த போர் விமானம். அது வானத்தில் போனால் தெருவே கைதட்டும். பிஸ்கட் டப்பாவில்கூட அதன் படம்தான்.

"சண்டை முடிஞ்சதும் அதையும் எடைக்குப் போட்டுட்டாங்க. நாலு வருஷமாத் துண்டு துண்டாத் தேடிச் சேர்க்கறேன். எஞ்சின் ஒரு மரம் அறுக்கற மில்லுல கெடந்துச்சு. விமானி தலைக்கு மேல இருந்த கண்ணாடி மூடியைத் தோட்டத்துல கவிழ்த்து ஒருத்தர் நாத்து வளர்த்துட்டிருந்தார். வால், கோழிக்கூண்டுக்குக் கூரை."

"சேவலுக்குப் பொருத்தம்தான். றெக்கை?"

"உருக்கிட்டாங்க. புதுசாச் செஞ்சோம். நாற்காலி மட்டும்தான் பாக்கி. பழைய இரும்புக்கடைக்காரர் மகன் உங்க கடையைச் சொன்னார்."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "நீ கொண்டு போயிட்டா நான் ஆளுங்களை நிக்க வச்சா வெட்டறது?"

"பதிலுக்குப் புது சலூன் நாற்காலி தர்றோம். காலால மிதிச்சா ஏறும். சாயும். சுத்தும்."

"சுத்துமா?"

கல்யாணமான புதிதில் கேட்ட குரல். அதன்பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

"ஒரே சிக்கல்," என்றாள் அந்தப் பெண். "இந்த மாதிரி நாற்காலி அப்ப நிறைய விமானத்துல இருந்துச்சு. இது சேவலோடதுதான்னு உறுதியாகணும். ஓட்டினவருக்குத்தான் தெரியும். அவரை மேடை மேடையா ஏத்தி மாலை போட்டாங்க. ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம எங்கேயோ போயிட்டார்."

"செத்திருப்பான்," என்றார் பம்புக்காரர், கண்ணைத் திறக்காமல்.

அவர் கடைப்பேச்சில் கலந்துகொண்டது அன்றுதான்.

"பெரியவர் எழுந்ததும் அளந்துக்கறேன்."

பெரியவர் எழுந்தால்தானே! முடி வெட்டி முடிந்தது. முகச்சவரம் செய்யச் சொன்னார்.

"காலையிலதானே பண்ணியிருக்கீங்க?"

"திரும்பப் பண்ணு."

அது முடிந்தது. தலையைப் பிடித்துவிடச் சொன்னார். பிறகு காதோரம் இன்னும் கொஞ்சம் என்றார். "இனிமே வெட்டணும்னா காதைத்தான் வெட்டணும்," என்று என் வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். பொறுக்க முடியாமல் நானே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியில் எழுந்தார். அந்தப் பெண் மெத்தையைத் தூக்கினாள். பாரம் தாங்காமல் அவள் கை தாழ்ந்தது.

"என்னம்மா இது, இவ்வளவு கெட்டியா?"

"அது அண்ணனோட தனி மெத்தை. கல்லு மாதிரிதான் வேணும்னு கேட்டு வாங்கினார்," என்றேன் பெருமையாக.

அவள் குழியைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். "இந்தக் குழியில பாராசூட்டை மடிச்சு வச்சு, அதுமேலதான் உட்காருவாங்க. கல்லு மேல உட்கார்ந்த மாதிரியே இருக்கும்னு விமானிங்க எல்லாரும்…"

அவள் திரும்பிப் பார்த்தாள். பம்புக்காரர் கழுத்தில் இல்லாத சோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஐயா," என்றாள், குரல் இறங்கி. "இது சேவலோட நாற்காலியா?"

அவர் லீவரைத் தடவினார். "அங்க வச்சா உட்கார விடுவீங்களா?"

"கயிறு கட்டிடுவோம் ஐயா. யாரும் தொட முடியாது."

"ஓட்டினவனே வந்தாலும்?"

"விதி அப்படி ஐயா."

"அப்ப இது சேவலோடது இல்லை."

"நிச்சயமாவா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பம்பு ரிப்பேர் பண்றவன்."

"பின்ன எதுக்கு வாரா வாரம் இங்க வர்றீங்க?"

"முடி வெட்டத்தான்."

நாங்கள் மூன்று பேரும் அவர் தலையைப் பார்த்தோம். அதில் கடை விளக்கு முழுசாகத் தெரிந்தது.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். பிறகு கொஞ்ச நேரம் நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். நாலு வருஷத் தேடல் அல்லவா!

"சரி. நாற்காலி கிடைக்கலைன்னு சொல்லிடறேன். மரத்துல ஒண்ணு செஞ்சு வச்சுக்கலாம்."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டுமா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் பம்புக்காரர் மெத்தையை வாங்கிக் குழியில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார்.

"உட்காரும்மா. லீவர் வலது கைப்பக்கம். குனிஞ்சு பார்க்காதே, கை தானாப் போகணும்."

அவள் கை தடவியது, பிடித்தது. நாற்காலி 'டக்'கென்று ஏறியது.

"இன்னும் கொஞ்சம் ஏத்து. கிளம்பும்போது மூக்கு ஓடுபாதையை மறைக்கும்."

எதிரே இருந்தது எங்கள் ரசம்போன கண்ணாடி. இருவரும் பார்த்தது அதை இல்லை.

என் வீட்டுக்காரர் திரைக்குப் பக்கத்தில் வந்து, என் காதருகே பெருமூச்சு விட்டார். "சுத்துமாம்."

"விடுங்க. இதுவும் ஒரு காலத்துல நல்லாச் சுத்தின நாற்காலிதான்," என்றேன்.